கூடைக்குள் நாற்பத்தொரு போன்

எங்கள் ஏரிக்கரைக்கு மின்கம்பம் வந்துவிட்டது,
கம்பிதான் வரவில்லை.
மலாவியில் இப்படிப் பல ஊர்; எனக்கு அதுவே பிழைப்பு.
தகரக் கூரைமேல் சூரியத் தகடு இரண்டு,
கீழே ஒரு பழைய லாரி பேட்டரி.
ஊரின் போன்களெல்லாம் என்னிடம்தான் உயிர் பெறும்.
ஒன்றுக்கு இருநூறு குவாச்சா.
எது யாருடையதென்று
டேப்பில் பெயரெழுதி முதுகில் ஒட்டுவேன்.

ஞாயிறு காலை கடையைப் பூட்டிப் போக முடியாது:
பூட்டு இருக்கிறது, கதவு இல்லை.
ஆகவே எல்லாவற்றையும் கூடையில் அடுக்கி
மேலே சித்தேஞ்சேத் துணி போர்த்தி
கோயிலுக்குத் தூக்கிப்போவேன்,
பிள்ளைக்குப் பேர் வைக்கப் போகிறவள்போல.

போதகர் நியிரோங்கோ கண்மூடுவார்.
என் காலடியில் கூடை கூவும்.
மரக்கடைக்காரனுக்கு ம்சூசூவிலிருந்து.
மருத்துவச்சிக்கு மலைமேலிருந்து.
எந்த அணி தோற்றது, எவ்வளவு போயிற்று என்று
பள்ளி வாத்தியாருக்குப் பதினோரு குறுஞ்செய்தி.
துணிக்குள் கைவிட்டுத் துழாவி
ஒன்றை அணைப்பேன்; அடுத்தது அதிரும்.
சபை ஆமென் சொல்கிற இடத்தில்
நான் பெருக்கிக்கொண்டிருப்பேன்:
நாற்பத்தொன்று, எட்டாயிரத்து இருநூறு.
லுசுங்குவுக்குப் பள்ளிச் செருப்பு.
மிச்சத்தில் பேட்டரிக்குத் தண்ணீர்.

ஒரு ஞாயிறு, இராப்போஜனம்.
அப்பத்தட்டு என் முன்னால் வந்து நின்றது.
நீட்டக் கை இல்லை.
வலக்கையில் மீனவன் மசாவுகோவின் போன் துடித்தது,
இடக்கையில் இன்னொன்று.
தட்டேந்திய மூப்பர் காத்திருந்தார்.
அவர் முகத்தில் கோபமில்லை.
அதுதான் சுட்டது.
நான் தலையை ஆட்டி
அடுத்தவரிடம் போகச் சொன்னேன்.
கடன்காரனிடம்
நாளைக்கு வா என்கிற
அதே தலையாட்டல்.

அன்று பிற்பகல் உசிப்பா மீன் காயும் பரண்களருகே
கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.
ஒன்று உறைத்தது:
இதில் என் போன் இல்லை.
எனக்குப் போனே இல்லை.
நாற்பத்தொரு பேரை உலகம் கூப்பிடுகிறது,
பதற்றம் மட்டும் என்னுடையது.
என் பெயர் எந்த டேப்பிலும் இல்லை.

அப்போது மாமரத்தில் தொங்கும் லாரிச் சக்கர வளையத்தை
பையன் ஒருவன் இரும்பால் அடித்தான்,
மாலை ஜெபத்துக்கு.
இத்தனை வருடமாய் அடிக்கிறார்கள்.
சார்ஜ் கேட்காத அழைப்பு.
நான் மட்டும் எடுக்கவே இல்லை.

பலகை எழுதி வைத்தேன்:
சனி இருட்டுமுன் வாங்கிக்கொள்ளவும்.
ஏழு பேர் துறைமுகத்துக் கடைக்கு மாறிவிட்டார்கள்.
செருப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று.
"அந்தக் காசை ஆண்டவர் தருவாரா?"
லுசுங்கு கேட்டாள், பெருவிரல் தெரியும் பழைய செருப்போடு.
தெரியாது என்றேன்.
தெரியாதுதான்.

அந்தச் சனி எல்லோரும் வந்தார்கள், மசாவுகோவைத் தவிர.
அவன் நடு ஏரியில், விளக்குப் படகில்.
விடிந்ததும் அவன் போனைச் சோளமாவுப் பானைக்குள் புதைத்துவிட்டு
(விசுவாசம் அவ்வளவுதான் எனக்கு)
வெறுங்கையோடு கோயிலுக்குப் போனேன்.

போதகர் கண்மூடினார்.
ஒன்றும் கூவவில்லை.
ஆனாலும் என் கை தானாகக் கீழே போய்த்
தரையைத் துழாவிற்று. குளிர்ந்த சிமெண்ட்.
எடுத்து மடியில் வைத்தேன்.
மறுபடி போயிற்று.
மறுபடி எடுத்து வைத்தேன்.

அன்றைக்கு முழுக்க
அதுவே என் ஆராதனை.